ஃபேனை எடுத்தது நான்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாண வீடியோ ஸ்டூடியோவில் வேலை செய்தேன். வீடியோக்கள் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் முதலாளி அழகுக்காகக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருந்தார். "வேகமாச் சுத்துற டிஸ்க் சேர், சூடேறினால் பழுதாப் போயிடும்" என்று எடிட்டிங் செய்யும் ரேகா அவரோடு சண்டை பிடித்து, கதவைத் திறந்து ஒரு ஃபேன் வைத்தாள்.

வெக்கை தாங்காமல் ஒருநாள் அந்த ஃபேனை என் மேசைக்கு எடுத்துக்கொண்டேன். முதலாளி கதவைச் சாத்தினார். அந்தக் கிழமை முடிவதற்குள் இரண்டு டிஸ்க்கும் செத்துப்போயின.

கிருலப்பனையிலிருந்து ஒரு பெண் தன் கலியாண வீடியோவைக் கேட்டு வந்தார்.

"கலியாணம் முடிஞ்சு பத்து நாளில அப்பா செத்துப்போனார். அவர் கதைக்கிறது அதில மட்டும்தான் இருக்கு."

"எல்லாம் இவளின்ர கவனக்குறைவு" என்று முதலாளி ரேகாவைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்லாதேங்கோ சேர்! ஃபேனை எடுத்தது நான். கதவைச் சாத்தினது நீங்கள்!"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "ஆர் செய்தால் எனக்கென்ன? அப்பாவின்ர குரலைத் தாங்கோ."



முதலாளி மேல் எனக்கு வந்த கோபம் நியாயமானதுதான். ஆனால் அன்று நான் கத்தியது ரேகாவுக்காகவா, என் குற்றத்தில் பாதியை அவர் தலையில் போடவா என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.