பன்னிரண்டு பங்கும் பத்தொன்பது லிஃப்டும்

“முதலீட்டில் நீண்ட அனுபவம் உள்ளவர், ஏற்ற இறக்கங்களை நுட்பமாக அறிந்தவர், உள்நோக்கத்தோடு நிறுவனத்தின் வளர்ச்சியை முடக்க முனைபவர்.” லிஃப்ட் கம்பெனி கோர்ட்டில் போட்ட பதில் மனுவின் மூன்றாம் பக்கத்தில், வழக்குப் போட்ட பங்குதாரரைப் பற்றி இப்படி எழுதியிருந்தது.

அதைப் படித்தபோது அந்த முதலீட்டாளர் ஒரு பதினான்கு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தார். ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரியும் என்பதில் பொய்யில்லை. அதே கம்பெனியில் முப்பத்தொரு வருடமாக மெக்கானிக். நுட்பத்துக்கும் குறைவில்லை; சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். முதலீட்டு அனுபவம், உள்நோக்கம் இரண்டுக்கும்தான் ஆதாரம் கிடையாது.

முதலீடு வந்த கதை இது. கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டுக்குத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர்க்கடிகாரமும் பன்னிரண்டு பங்கும் கொடுத்தார்கள். கடிகாரம் இரண்டாம் வருடம் நின்றுபோனது. பங்குகளை மற்றவர்கள் முதல் மாதமே விற்றுவிட்டார்கள். இவர் விற்காததற்குத் தொலைநோக்கு காரணமில்லை, மறந்துவிட்டார்.

நினைவுபடுத்தியவர் மேனேஜர். லிஃப்டைத் தாங்கும், எட்டு வருடம் உழைக்க வேண்டிய இரும்புக் கயிறு பதினாலே மாதத்தில் நார் நாராகப் பிரிவதை மெக்கானிக் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். கயிற்றை இப்போது சேர்மனின் மருமகன் கம்பெனி சப்ளை செய்கிறது என்பது ஸ்டோர் ரூமில் எல்லோருக்கும் தெரியும், எழுத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது.

“யோவ், நீ மெக்கானிக்கா, முதலாளியா? யார்கிட்ட கயிறு வாங்கணும்னு கேக்கிறது முதலாளிங்க வேலை” என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் பீரோவில் போர்வைகளைக் கலைத்துப் போட்டார்.

“என்னங்க தேடுறீங்க?” என்றாள் மனைவி.

“நான் முதலாளிம்மா.”

“இந்த வீட்டுக்கா? யாரு சொன்னது?”

போர்வைக்கு அடியில் பங்குக் காகிதம் கிடைத்தது. ஒரு வக்கீலம்மாவும் கிடைத்தார். பங்குதாரர் என்ற முறையில், இயக்குநர்கள் சொந்தக்காரனுக்கு ஒப்பந்தம் கொடுத்து, கம்பெனியையும் லிஃப்டில் ஏறுகிறவர்களையும் ஆபத்தில் வைக்கிறார்கள் என்று வழக்கு. பட்டறையில் அன்றிலிருந்து அவருக்குப் பெயர் ‘பங்காளி’. “பங்காளி, எங்களுக்கு இந்த வருஷம் போனஸ் உண்டா?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

இரண்டு வாய்தா போனது. அதற்குள் கம்பெனிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்து இறங்கியது. ஒப்பந்தத்தில் இயக்குநருக்கே சொந்த லாபம் இருந்தாலும் பரவாயில்லை, ‘சுயேச்சையான’ இயக்குநர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் பங்குதாரர் வாய் திறக்கக் கூடாது. பழைய ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும். நம் கம்பெனியிலும் சுயேச்சையானவர்கள் இரண்டு பேர் உண்டு. ஒருவர் சேர்மனோடு டென்னிஸ் ஆடுபவர். இன்னொருவர் சேர்மனிடம் டென்னிஸில் தோற்பவர்.

கோர்ட் கதவை இப்படி அடைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, இது அரசமைப்புச் சட்டத்துக்கு ஒத்துவருமா என்று வேறு யாரோ வேறு ஊரில் கேட்டு, அது மேல் கோர்ட்டில் கிடந்தது. ஆகவே அந்த முடிவு வரும் வரை மெக்கானிக்கின் வழக்கை நிறுத்திவைத்தார் நீதிபதி. ஒன்றரைப் பக்க உத்தரவு. கடைசி வரி: “இடைக்காலத்தில் எந்தத் தரப்புக்கும் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு ஏதுமில்லை.”

வராந்தாவில் மெக்கானிக் கேட்டார்: “கயித்துக்கும் நிறுத்தமா மேடம்?”

“இல்லைங்க ஐயா. வழக்குக்கு மட்டும்தான்.”

“அப்ப அந்தக் கயிறு வாங்குறது?”

“அது நடக்கும்.”

“மாட்டுறது?”

“அதுவும்.”

“ஆக, கேக்கிறது மட்டும் நின்னிருக்கு. எத்தனை நாளைக்கு?”

“ரெண்டு வருஷம் ஆகலாம். மூணும் ஆகலாம்.”

“அவ்வளவு நாள் கயிறு தாங்காதே மேடம்” என்றார் மெக்கானிக். இதைச் சட்ட வாதமாக எழுத வழியிருக்கிறதா என்று வக்கீலம்மா கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். இல்லை.

அடுத்த வாரம் மாதாந்திரச் சோதனை தொடங்கியது. லிஃப்டை மெதுவாக ஓட்டியபடி கயிற்றில் பஞ்சைப் பிடித்தால், அறுந்த கம்பி பஞ்சைக் கவ்விக்கொள்ளும். நிறுத்தி எண்ண வேண்டும். எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி திறப்பவர் ‘கயிறு சரியாக இருக்கிறது’ என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முப்பத்தொரு வருடமாக உள்ள விதி.

அந்த மாதம் பத்தொன்பது லிஃப்டில் கம்பி பஞ்சைக் கவ்வியது, எண்ணிக்கையும் வரம்பைத் தாண்டியது. பத்தொன்பது லிஃப்டும் நின்றன. கதவுகளில் தொங்கவிட்ட அட்டைக்கு வாசகம் யோசிக்க அவர் சிரமப்படவில்லை, உத்தரவு நகல் பையிலேயே இருந்தது: “மேலிடத்து முடிவு வரும் வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இடைக்காலத்தில் யாருக்கும் ஈடுசெய்ய முடியாத பாதிப்பு ஏதுமில்லை. படிக்கட்டு வலப்பக்கம்.”

முதல் போன் மனைவியின் அண்ணனிடமிருந்து வந்தது.

“மாப்ளே, ஒம்பது மாடி! என் முட்டி நிலைமை தெரியுமில்ல?”

“தெரியும் மச்சான். முட்டியாவது இருக்கட்டும்னுதான்.”

மேனேஜர் நேரிலேயே வந்தார், எட்டு மாடி ஏறி, வியர்வையில் ஊறி.

“உன்னை சஸ்பெண்ட் பண்ணிடுவேன்யா!”

“பண்ணுங்க சார். அதுக்கு முன்னாடி இதுல ‘கயிறு நல்லா இருக்கு’ன்னு ஒரு கையெழுத்து.” பதிவேட்டைத் திறந்து பேனாவையும் நீட்டினார். மேனேஜருக்கு அந்த நிமிடம் பார்த்து போனில் ஏதோ அவசரம்.

வேறு மெக்கானிக்குகளை அனுப்பினார்கள். அவர்களும் பஞ்சைப் பிடித்துப் பார்த்தார்கள், எண்ணினார்கள். அந்த வாரம் பட்டறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி. அரசாங்க இன்ஸ்பெக்டரும் வந்தார். லிஃப்ட் இயங்காததால் மேலே சென்று லிஃப்டை ஆய்வு செய்ய இயலவில்லை என்று எழுதிவிட்டுக் காரில் ஏறினார்.

பத்தொன்பதில் ஒன்று கோர்ட் கட்டிடத்து லிஃப்ட். ஐந்தாம் மாடியில் உட்காரும், அந்த உத்தரவைப் போட்ட நீதிபதி அட்டையைப் படித்தார். மூன்று நாள் படிக்கட்டில் ஏறினார். நான்காம் நாள் கோர்ட் அலுவலகத்திலிருந்து கம்பெனிக்குக் கடிதம் பறந்தது: நீதி நிர்வாகத்தில் ஒரு நாள் தாமதத்தையும் அனுமதிக்க முடியாது.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அங்கே புதுக் கயிறு. மருமகனுடையது இல்லை, பழைய சப்ளையரிடமிருந்து, அந்த ஒரு லிஃப்டுக்கு மட்டும் வரவழைத்தது. வேலைச் சீட்டில், கழற்றிய கயிற்றை மாற்றக் காரணம்: ‘தரக்குறைவு’.

சீட்டின் நகலைப் பார்த்த வக்கீலம்மா துள்ளினார். “ஐயா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க! இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது!”

“எப்ப காட்டலாம் மேடம்?”

“வழக்கு மறுபடி ஆரம்பிச்சதும்.”

மறு வாரம் சஸ்பெண்ட் கடிதம் வந்தது. கம்பெனியில் பங்கு வைத்துக்கொண்டே கம்பெனியின் லிஃப்டைச் சோதித்ததால், சொந்த லாபத்துக்கும் கடமைக்கும் முரண்பாடு ஏற்பட்டிருக்கிறதாம். கையெழுத்து சேர்மன். சாட்சிக்குச் சுயேச்சையான இருவர்.

“மூணு வருஷத்துல ரிட்டையர் ஆகறவருக்கு இது தேவையா?” என்று மனைவி கேட்டாள். பிறகு பங்குக் காகிதத்தை வாங்கிப் போர்வைக்கு அடியில் வைத்து, இந்த முறை பீரோவைப் பூட்டினாள்.

வழக்கு இன்னும் நிறுத்தத்தில் இருக்கிறது. பதினெட்டு லிஃப்டும் அப்படியே. திறக்க யாரும் கையெழுத்துப் போடவில்லை. பதில் மனுவின் மூன்றாம் பக்கமும் திருத்தப்படவில்லை.

வளர்ச்சியை முடக்க அந்த முதலீட்டாளர் செய்தது இவ்வளவுதான்: பத்தொன்பது லிஃப்டின் கயிறுகளில் பஞ்சைப் பிடித்துப் பார்த்தார், அறுந்த கம்பிகளை எண்ணினார், சுவிட்சை இறக்கிப் பூட்டினார், தன் பெயரைக் கையெழுத்துப் போட்டார்.