மாதாவைச் சுற்ற இடமில்லை

ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் மாதா கோயிலுக்குள் போய்விட்டேன்.

மதம் மாறவில்லை, பயப்படாதீர்கள். ஒரு ஜெபம்கூடத் தெரியாது. அங்கே ஓரமாக ஒரு மாதா சிலை இருக்கிறது. செத்துப்போன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு மூச்சு சீராக வருகிறது.

"மலைய சுத்து, மனசு ஆறிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பௌர்ணமி விடாமல் சுற்றினேன். ஆறவில்லை.

சிலை சுவரை ஒட்டி இருப்பதால் சுற்றிவர இடமில்லை. ஊர்ப் பழக்கம், நின்ற இடத்திலேயே மூன்று முறை என்னை நானே சுற்றிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

"புள்ளைக்கு இன்னா வயசும்மா?" என்றார்.

நான் அவரிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

"பத்தொம்போதுங்க."

"உக்காருங்க. இந்த எடத்த அப்பால பெருக்கிக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தால் ரேஷன் கடை மூடியிருக்கிறது.

காலிப் பையோடு வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? நல்ல பொய்யாக ஒன்று சொல்லுங்கள். மலை சுற்றப் போனேன் என்பதைப் போன வாரமே சொல்லிவிட்டேன்.