கட்டில்மேல் வந்த சொல்

அந்த ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் நீளமான சொல் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரு பொருள், இரண்டு வரி, வேலை முடிந்தது. ‘ரன்’ என்ற பொடிச் சொல், அங்கே வேலை பார்த்த அவள் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் அது தொடாத வேலை இல்லை. கால் ஓடும், மூக்கு ஒழுகும், கடை நடக்கும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், நம் ஆள் நிற்பார்.

சொல் வரும் வாக்கியங்கள் எழுதிய துண்டுச்சீட்டுகளைப் பொருளுக்கு ஒரு குவியலாகப் பிரிப்பது அங்கே வழக்கம். மேசை போதாமல் அவள் வீட்டுக் கூடத்தில் பரப்பினாள். ஒவ்வொரு குவியலின் மேலும் கைக்குக் கிடைத்த பாரம்: பூட்டு, கரண்டி, இஸ்திரிப்பெட்டி. பேருந்து ஓட்டும் கணவர் சொந்த வீட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்.

இன்று அதிகம் புழங்கும் பொருளை முன்னாலும் வழக்கொழிந்ததைக் கடைசியிலும் வைத்தாள். என்ன செய்தும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அகராதி ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்: “திங்கட்கிழமை வரலைன்னா பழைய பதிப்புல இருக்கற நாலு வரியையே போட்டுடுவேம்மா.” இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிடுமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மாலை வீடு திரும்பினால் கூடம் துடைத்துவிட்டது போல இருந்தது. சொல்லாமல் வந்த நாத்தனாரின் பிள்ளைகள் அங்கே உருண்டுகொண்டிருந்தார்கள். அவள் பூட்டையும் கரண்டியையும் தேடினாள்.

கணவர் படுக்கையறைக் கதவைத் திறந்தார். கட்டில் முழுக்கக் குவியல்கள். “பூட்டுக்குக் கீழ இருந்தது பூட்டுக்குக் கீழதான் இருக்கு. ஒண்ணும் மாறல.”

மாறியிருந்தது. கூடத்தின் கடைசிக் குவியலை முதலில் தூக்கி வந்து தலையணைப் பக்கம் வைத்திருந்தார். எல்லாம் தலைகீழ். திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். தலைமாட்டில் மிகப் பழைய பொருள்கள்: தண்ணீர் ஓடுவது, பால் திரிவது. அடுத்து ரத்தம் ஓடுவது, கால் ஓடுவது, குதிரையை ஓடவைப்பது. கால்மாட்டில் இயந்திரத்தை ஓட்டுவது, கடை நடத்துவது. தானாக ஓடுவதற்கு ஒன்று, ஓடவைப்பதற்கு ஒன்று என்று பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்து, பிறகு கலந்துவிட்டன என்பது அவள் படித்ததுதான். அவை கலந்த இடத்தை, கட்டிலின் நடுவில், இப்போதுதான் கண்ணால் பார்த்தாள்.

“ஏதாவது தப்பாயிடுச்சா?”

“நல்லவேளை, ஆயிடுச்சு.”

அன்று எல்லோரும் கூடத்தில் படுத்தார்கள். ஞாயிறு முழுக்க அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். மனசு நிறைந்திருந்தது. மாலையில் கணவர் வந்து எட்டிப் பார்த்தார். வண்டியில் ஒருவரைக் கொண்டுபோய் விடுவதும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள். அதற்கு அவள் எழுதிய எடுத்துக்காட்டு: ‘கணவர் அவளை அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டார்.’

“நான் என்னைக்கு விட்டேன்? விடிஞ்சா டூட்டிக்கு ஓடிடறேன். அகராதியில பொய் எழுதலாமா?”

“ஆசிரியர் கைக்குப் போக நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கே.”

திங்கட்கிழமை காலை அவள் சீட்டுகளோடு வெளியே வந்தபோது, அவர் டூட்டியை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு, ஸ்கூட்டரைத் துடைத்துவைத்துக் காத்திருந்தார்.