அத்தானை அனுப்பி வைத்த விடுமுறை

அத்தானும் நானும் கதைக்காமல் விட்டது சீனாக்காரரின் விடுமுறையால்தான். சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் கணவரான அவருக்குக் கொட்டாஞ்சேனையில் அலங்கார விளக்குக் கடை. நான்கு வருடம் அங்கே வேலை செய்தேன். சீனத் தொழிற்சாலைகளோடு தொடர்பு வைத்திருப்பது என் பொறுப்பு. அவர்களுடைய விடுமுறைகள் எனக்கு மனப்பாடம். ஜனவரியிலோ பெப்ரவரியிலோ வரும் புதுவருடத்துக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் வாரக்கணக்கில் பதில் வராது. ஒக்டோபர் முதல் வாரத்திலும் தொழிற்சாலைகளைப் பூட்டிவிட்டு நாடே பயணம் கிளம்பிவிடும்.

அந்த வாரத்துக்குத்தான் அத்தான் டிக்கட் போடச் சொன்னார்.

"அந்தக் கிழமை முழுக்க அங்க லீவு, அத்தான். பத்தாம் திகதிக்குப் பிறகு போங்கோ," என்றேன்.

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அவர் பதில் சொன்னார். "நான் எத்தினை தரம் சைனாவுக்குப் போய் வந்தனான். இவ வெள்ளவத்தையைத் தாண்டினதில்லை. இவ எனக்குப் படிப்பிக்கிறா."

டிக்கட்டைப் போட்டேன்.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தொழிற்சாலையில் விற்பனையைக் கவனிக்கும் பெண் எனக்கு எழுதினாள். எட்டாம் திகதி வரை பூட்டு, தானும் தாய்வீட்டுக்குப் போகிறாள், முதலாளி பிந்தி வரலாமா என்று கேட்டிருந்தாள். கொள்ளுப்பிட்டியில் பஸ் நெரிசலில் நிற்கும்போது அதை வாசித்தேன். அரை மணித்தியாலத்தில் கடைக்குப் போய் அவரிடம் காட்டியிருக்கலாம். போனைப் பைக்குள் வைத்தேன். ஒருமுறை சொன்னது போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தப் பூட்டிய கேற்றுக்கு முன்னால் அவர் நிற்கவேண்டும் என்று விரும்பினேன்.

நின்றார். திரும்பி வர விமானத்தில் இடமில்லை. கடைசி நாள் வரை தனியாக ஹோட்டல் அறையில் கிடந்தார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அவருடைய அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். சோற்றில் கை வைக்க முன்னர் அத்தான் தொடங்கினார். எப்போதும் என்னை 'நீர்' என்றுதான் அழைப்பார். அன்று அது போய்விட்டது.

"அந்தப் பெட்டை நாலு நாளுக்கு முதலே உனக்கு எழுதினவளாம். நான் அவளோட கதைச்சனான்."

"ஓம், எழுதினவ. அதுக்கு முதல் நான் சொன்னதை நீங்கள் கேட்டனீங்களோ?"

"நீ வேணுமெண்டுதான் என்னை அனுப்பினனீ."

இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஓம்," என்றேன்.

அக்கா எழுந்து வந்து என் முன்னால் இருந்த தட்டை எடுத்தாள். "நீ வீட்டை போ," என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போகவில்லை. இப்போது வத்தளையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருக்கிறேன். அக்கா மாதத்தில் ஒருமுறை, அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போன் எடுப்பாள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைப்போம். அன்றைக்கு அவளுடைய மேசையில் வைத்து அப்படிச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை.