கிரேனும் மாத்திரையும்

சவரம் செய்யும்போதுதான் ரெக்சனுக்கு முதல் தடவை அந்த வலி வந்தது. வலது கன்னத்தில் கரண்ட் கம்பியை வைத்து இழுத்தாற்போல ஒரு வெட்டு. பிறகு தண்ணீர் குடித்தாலும் வந்தது, கடற்காற்று பட்டாலும் வந்தது. பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிக்கொண்டார். பல் போனதுதான் மிச்சம்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர் அவர். பாளையங்கோட்டை நரம்பு டாக்டர், இது முக நரம்பு வலி என்று சொல்லி கார்பமசெபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி அடங்கியது. மனைவி அல்போன்சா வைத்த சாளை மீன் குழம்பை வெகுநாள் கழித்து மென்று தின்றார். ஆனால் தலை சுற்றியது. சில நேரம் ஒன்று இரண்டாகத் தெரிந்தது.

"இதைப் போட்டுக்கிட்டு கிரேன்ல ஏறாதீங்க. நீங்களா அளவைக் குறைக்கவும் கூடாது," என்றார் டாக்டர்.

கிரேனை விட்டுக் கீழே இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள் என்று ரெக்சனுக்குப் பயம். யாருக்கும் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கினார். தலை தெளிந்தது.

ஒரு மத்தியானம் கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கும்போது வலி வெட்டியது. கண் மூடிய நொடியில் கை தவறிவிட்டது. கன்டெய்னர் ஆடிப்போய், கீழே நின்ற லாரியின் முன்பக்கத்தை நசுக்கியது. டிரைவர் ஞானதீபத்தை உயிரோடு எடுத்தார்கள். இடது காலைக் காப்பாற்ற முடியவில்லை.

"காத்துல ஆடிருச்சுன்னு சொல்லிருவோம் அண்ணாச்சி," என்றான் கூட்டாளி ஒருவன்.

"இல்லலே. மாத்திரையக் குறைச்சது நாந்தான்." அதிகாரியிடமும் அதையே சொன்னார். வேலை போயிற்று.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். ஆக்ஸ்கார்பசெபின். தலைசுற்றல் இல்லை, ஆனால் ரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து புத்தி தடுமாறி, ஒரு காலையில் அல்போன்சாவைப் பார்த்து, "நீ யாருளா?" என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

உடம்பு தேறியதும் டாக்டர் ஆபரேஷனைப் பற்றியும் சொன்னார். காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறக்க வேண்டும், கேட்கும் சக்தி போகவும் வாய்ப்புண்டு. ரெக்சன் பழைய மாத்திரையையே கேட்டார். "முழுசாவே குடுங்க டாக்டர். இனி எங்கன ஏறப் போறேன்?"

இப்போது வலி இல்லை. பகலெல்லாம் தூக்கம் அழுத்துகிறது. ஒருநாள் அல்போன்சாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஞானதீபத்தின் வீட்டுக்குப் போனார். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி," என்றான்.

ரெக்சன் வாசலிலேயே நின்றார். உள்ளே வரும்படி அவன் சொல்லவில்லை.