மருந்துக்குப் பின் மிட்டாய்

என் சகலை தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். மொட்டைமாடித் தொட்டிகளுக்குள் டார்ச்சோடு இறங்கி, சுவரில் படிந்த வழவழப்பைத் தேய்த்து எடுப்பார். தண்ணீர் பளிச்சென்று இருந்தாலும் மனிதருக்குத் திருப்தி வராது. "மூலையைத் தடவிப் பாருங்க, அங்கதான் கிருமி குடியிருக்கும்" என்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கிருமி மாமா.

அவருடைய ஒரே மகள் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். அன்றிலிருந்து வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார். கொதிக்காத தண்ணீர் உள்ளே வராது. சோப்புப் போடாமல் யாரும் பிள்ளையைத் தொட முடியாது. லேசான இருமலுக்கு என்னையே வாசலோடு திருப்பி அனுப்பியவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள்மேல் அவர் உயிரையே வைத்திருந்தார்.

இதய மருந்து கசக்கும். அவள் குடித்து முடித்ததும் "எங்க, ஆ காட்டு" என்பார். திறந்த வாயில் ஒரு மிட்டாய் விழும். ராத்திரி மருந்துக்கும் அப்படித்தான். அதைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டே தூங்கிப்போவாள். நாலு வயதில் பற்கள் கறுத்தன.

"விழுற பல்லுதானே, புதுசு முளைக்கும்" என்றாள் என் கொழுந்தியாள், பிள்ளையின் அம்மா. எல்லோரும் சொல்வதுதான். மாதாமாதம் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், ஒருநாள்கூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்தது. வாரக்கணக்கில் விட்டு விட்டு அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஒரு டாக்டரம்மா பிள்ளையின் உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"சொத்தைப் பல்லுல இருந்த கிருமி ரத்தத்துல கலந்து இதயத்துல போய் ஒட்டியிருக்கு. இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்குப் பல்லை ரொம்பப் பாத்துக்கணுமே, யாரும் சொல்லலையா?"

சகலை இல்லையென்று தலையை ஆட்டினார். "வெளியிலேருந்து வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க. வாயிலயே இருக்கிறதுதான். இனிப்புதான் அதுக்குச் சாப்பாடு."

வால்வு சிதைந்துவிட்டது, பிள்ளை ஆபரேஷனைத் தாங்கமாட்டாள் என்றார்கள்.

அன்று மாலை நர்ஸ் மருந்து புகட்டினார். முகத்தைச் சுளித்து விழுங்கிய பிள்ளை, அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

சட்டைப் பையில் மிட்டாய் இருந்தது. அதைத் தொட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"நாளைக்குத் தரேன்மா."

அவள் கொஞ்ச நேரம் வாயை மூடவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

சகலை இன்னமும் தொட்டி கழுவுகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்கிறார்.

"அன்னிக்கு அதைக் கொடுத்திருக்கலாம் இல்ல, சகலை?"