பெட்ரோல் பங்கில் மனைவியை விட்டுவிட்டு வந்தது

பெட்ரோல் பங்கில் மனைவியை மறந்துவிட்டுப் போனவன் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. டீசல் காருக்குப் பெட்ரோலைப் போட்டு நடுவழியில் நின்றவர் என் மனைவியின் அண்ணன். அவர்கூட என்னைச் சொல்லித்தான் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் நான் மறக்கவில்லை.

என் மனைவி சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எனக்குச் சூலக்கரையில் ஆபீஸ் உதவியாளர் வேலை. சாயங்காலம் கம்பெனி வேன் அவளை மெயின் ரோட்டில் இறக்கிவிடும். நான் பைக்கில் போய்க் கூட்டி வருவேன். எவ்வளவுதான் சோப்புப் போட்டுக் கழுவினாலும் காதோரத்திலும் கழுத்திலும் அலுமினியத் தூள் மினுங்கிக்கொண்டே இருக்கும். சேலைக்கு மேல் போட்ட சட்டையைப் பார்த்தாலே எந்த வேலை என்று தெரிந்துவிடும்.

வழியில் பெட்ரோல் போடுவதாக இருந்தால் பங்குக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்வாள். "மேலெல்லாம் மருந்து ஒட்டியிருக்கு. நீங்க போட்டுட்டு வாங்க, நான் அங்கன வந்து நிக்கேன்" என்பாள். வெடிமருந்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். யாரும் அவளை இறங்கச் சொன்னதில்லை, அவளாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. சுவர் ஓரமாகவே நடந்துபோய், வண்டிகள் வெளியேறும் வாசலில் எனக்காக நிற்பாள்.

அன்றைக்கு என் பைக்குக்குப் பின்னால் எங்கள் மேலதிகாரியின் கார் வந்து நின்றது. நல்ல மனுஷர். இறங்கி வந்து சுவர் ஓரமாக நின்று பேச்சுக்கொடுத்தார். அந்த நேரம் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் என் மனைவி நடந்து போனாள்.

"பாவம், இவங்க பொழப்பு. காலையில போனா உயிரோட திரும்பணும்" என்றார் அவர், அவள் பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல். "உங்க வீட்ல தையல்தானே? அது நிம்மதி."

"ஆமா சார்" என்றேன்.

ஆபீஸில் சேர்ந்த நாளிலிருந்து நான் சொல்லிவந்த பொய் அது. என் அப்பாவும் அம்மாவும் ஊரார் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். எனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததும் கொழுப்பு ஏறிவிட்டது, வேறென்ன சொல்ல? அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையும் மாறவில்லை.

பெட்ரோல் போட்டு முடிந்ததும் வண்டியைக் கிளப்பினேன். பின்னாலேயே சாரின் காரும் வந்தது. வாசலில் அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏறுவதற்கு ஓரடி முன்னால் வந்தாள். நான் நிறுத்தவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவளைக் கடந்து போனேன்.

"அண்ணே, அக்காவ விட்டுட்டுப் போறீகளே!" என்று பங்கில் வேலை பார்க்கும் பெண் கத்தினாள்.

அடுத்த திருப்பத்தில் நின்றிருந்த ஒரு லாரியின் மறைவில் நின்றேன். சாரின் கார் கடந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டுத்தான் திரும்பினேன். பங்கே சிரித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டு, "மறந்தே போச்சு" என்றேன். அவளும் சிரித்தாள். வரும் வழியெல்லாம் ராத்திரிக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

போன மாதம் அவள் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் வழக்கம்போல என் கதை வந்தது.

"அது எப்படி மாப்ளே மறக்கும்? அன்னைக்கு யார்கூடயாச்சும் பேசிக்கிட்டு இருந்தீகளா?" என்று அவர் கேட்டார்.

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இரண்டு இலை தள்ளிப் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"அங்கன யாருண்ணே இருந்தா? பங்குல வேற ஒரு ஆளும் இல்ல. இவுக பாட்டுக்கு ஏதோ யோசனையில போயிட்டாக."

சாரின் முதுகை உரசாத குறையாக நடந்து போனவள் அவள். அவர் கேட்டதும் அவள் காதில் விழுந்திருக்கிறது, நான் சொன்னதும் விழுந்திருக்கிறது. எனக்காக அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லிவிட்டு, என் இலைக்கு வந்து இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.